காசு கொடுத்து வாங்கிய காவல் வேலை



எல் போர்டு மாட்டிய டிரைவிங் ஸ்கூல் காரை நம் ஊர்த் தெருக்களில் தினமும் பார்க்கிறோம். இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் பழக வந்தவர் கையில் இருந்தாலும் வேர்ப்பது மாஸ்டருக்குத்தான். சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும் அந்த மனிதர், எதிரே வரும் பஸ்ஸையும், குறுக்கே வரப்போகும் சைக்கிளையும், பழகுபவரின் வலது கால் எந்தப் பெடலுக்குப் போகிறது என்பதையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது கடினமான வேலை என்பதால்தான் அவருக்குக் கட்டணம். இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிப் பாருங்கள். மாஸ்டர்தான் பழகுபவருக்குப் பணம் கட்டுகிறார். மோதல் நடந்தால் வழக்கு மாஸ்டர் மேல். பழகுபவரோ சில வாரங்களுக்கு ஒருமுறை ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஆளாக மாறிவிடுகிறார். நேற்று அவருக்குத் தெரிந்தது இன்றும் தெரியும் என்று சொல்ல முடியாது. இப்படி ஒரு டிரைவிங் ஸ்கூலை யாராவது தொடங்கினால் சிரிப்போம். ஆனால் இன்றைய எலக்ட்ரிக் கார்களில் ஓட்டுநர் உதவி மென்பொருள் என்ற பெயரில் விற்கப்படுவது ஏறக்குறைய இதுதான்.

கார் உரிமையாளர்களின் குறைகளைக் கேட்டால் அவை பலவிதமாகத் தோன்றும். காரணமில்லாமல் பிரேக் போடுகிறது என்பார் ஒருவர். ஓயாமல் ‘டிங் டிங்’ என்று அதட்டுகிறது என்பார் இன்னொருவர். பணம் கட்டி ஆறு வருடம் ஆயிற்று, சொன்னது வரவில்லை என்பார் மூன்றாமவர். மென்பொருள் இன்னும் முதிரவில்லை, முதிர்ந்ததும் இவை தீரும் என்று இவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில் தரப்படுகிறது. அந்தப் பதில் தவறு என்பதே என் வாதம். இந்தக் குறைகள் எல்லாம் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஓட்டும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டு, ஓட்டியதற்கான பொறுப்பை மட்டும் மனிதனிடம் விட்டுவைத்திருக்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்ற அந்த ஏற்பாடு மாறாதவரை மென்பொருள் எவ்வளவு முன்னேறினாலும் எரிச்சல் தீராது. சில இடங்களில் முன்னேற்றமே நிலைமையை மோசமாக்கும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். வாகனத் தானியக்கத்தைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை படிகளாகப் பிரிக்கும் அளவுகோலை அமெரிக்காவின் எஸ்ஏஇ அமைப்பு 2014இல் வெளியிட்டது. இரண்டாம் படியில் கார் தானாகத் திருப்பும், வேகம் கூட்டும், குறைக்கும். ஆனால் மனிதன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாம் படியில், சில சூழல்களில், ஓட்டுவது உண்மையாகவே கார். தனியார் வாங்கக்கூடிய கார்களில் இன்று உள்ளவை கிட்டத்தட்ட எல்லாமே இரண்டாம் படி. இதற்கும் மின்சாரத்துக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. பெட்ரோல் காரிலும் இதே மென்பொருளை ஓட்டலாம். ஆனால் எலக்ட்ரிக் கார்க் கம்பெனிகள்தான் வண்டியை ஒரு பெரிய கம்ப்யூட்டரைச் சுற்றிக் கட்டின, இணையம் வழியே அப்டேட் அனுப்பும் பழக்கத்தைக் கொண்டுவந்தன, காரை விற்ற பிறகும் விற்பனையைத் தொடரலாம் என்று கண்டுகொண்டன. அதில் முன்னோடி டெஸ்லா. ஆவணங்களும் அதைப் பற்றியே அதிகம் கிடைக்கின்றன என்பதால் பெரும்பாலும் அங்கிருந்தே சான்று காட்டுகிறேன்.

‘பேய் பிரேக்’ என்று சொல்லப்படும் காரணமில்லாத பிரேக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். நல்ல வெயில், காலியான நெடுஞ்சாலை, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். முன்னால் ஒரு மேம்பாலம். அதன் நிழல் தார்ச்சாலையில் கறுப்புப் பட்டையாக விழுந்திருக்கிறது. ஒரு தடையும் இல்லாத அந்த இடத்தில் கார் திடீரென்று பிரேக்கை அழுத்துகிறது. சீட் பெல்ட் மார்பை இறுக்குகிறது, பின்சீட்டில் தூங்கிய குழந்தை விழித்து அழுகிறது. ஓட்டுநர் அந்தக் கணத்தில் முன்னால் பார்ப்பதில்லை. பின்னால் லாரி வருகிறதா என்று கண்ணாடியைப் பார்க்கிறார், உடனே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். எல்லாம் இரண்டு மூன்று விநாடி. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2022 பிப்ரவரியில் இதை விசாரிக்கத் தொடங்கியபோது அதன் கையில் 354 புகார்கள் இருந்தன; விசாரணைக்கு உட்பட்டவை டெஸ்லாவின் 2021, 2022ஆம் ஆண்டு மாடல் கார்கள், சுமார் 4.16 லட்சம். சில மாதங்களில் புகார்கள் 758 ஆயின.

இது ஏன் நடக்கிறது? கேமராவோ ரேடாரோ தடை இருக்கிறது, இல்லை என்று துல்லியமாகச் சொல்வதில்லை. இருப்பதற்கான வாய்ப்பு இவ்வளவு என்றுதான் மென்பொருள் கணக்கிடுகிறது. எவ்வளவு வாய்ப்பு இருந்தால் பிரேக் போடுவது என்ற கோட்டை ஒரு பொறியாளர் எங்கோ ஓரிடத்தில் கிழித்தாக வேண்டும். கோட்டைக் கீழே இறக்கினால் நிழலுக்கெல்லாம் பிரேக் விழும். மேலே ஏற்றினால், சாலையோரம் விளக்குச் சுழல நிற்கும் தீயணைப்பு வண்டியையும் மேம்பாலம் போன்ற அசையாப் பொருள் என்று ஒதுக்கிவிட்டு நேரே போய் மோதும். இரண்டாவது வகையும் நடந்தது. நின்றிருந்த அவசர வாகனங்கள் மேல் டெஸ்லா கார்கள் மோதிய விபத்துகளில் தொடங்கிய இன்னொரு விசாரணை 2024 ஏப்ரலில் முடிந்தபோது 956 விபத்துகள் ஆராயப்பட்டிருந்தன. ஆட்டோபைலட் என்ற டெஸ்லாவின் ஓட்டுநர் உதவி மென்பொருள் சம்பந்தப்பட்ட வகையில் 467 விபத்துகளை நிர்வாகம் இனங்கண்டது. அவற்றில் குறைந்தது 13 உயிரிழப்பில் முடிந்தவை. கவனியுங்கள்: பேய் பிரேக்கும் இந்த மோதல்களும் எதிரெதிர்த் தவறுகள் அல்ல, ஒரே கோட்டின் இரு பக்கங்கள். மனிதன் கண்காணிக்கிறான் என்ற துணிச்சலில்தான் அந்தக் கோட்டை இப்படிக் கிழித்துச் சாலைக்கு அனுப்ப முடிகிறது. தவறின் மிச்சத்தைப் பிடிப்பது அவன் வேலை.

அந்த வேலையை மனிதனால் செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை கார்களுக்கு வெகு முன்பே கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில், ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப்படை வீரர்கள் நேரம் ஆக ஆகப் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் இதைச் சோதிக்க ஒரு கடிகாரம் செய்தார். ஒற்றை முள், நொடிக்கு ஒரு தாவல். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல். இரட்டைத் தாவலைக் கண்டால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். முதல் அரைமணி நேரத்திலேயே கவனம் சரிந்தது. 1948இல் வெளியான முடிவு அது. பிறகு 1983இல் லிசான் பெய்ன்பிரிட்ஜ் தானியக்கத்தின் முரண்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். சுலபமான வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுக் கடினமானதை மட்டும் மனிதனுக்கு மிச்சம் வைக்கிறோம், அதுவும் அவனுடைய கைப்பழக்கம் மங்கிய பிறகு அவனை அழைக்கிறோம் என்பது அதன் சாரம். அவர் எழுதியது தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளையும் விமானங்களையும் மனத்தில் வைத்து. இன்றைய கார்க் கம்பெனிப் பொறியாளர்களுக்கு அந்தக் கட்டுரை தெரியாதிருக்க வழியில்லை.

சாலையில் நடந்ததும் அதுவே. 2016 மே மாதம் ஃப்ளோரிடாவின் வில்லிஸ்டன் அருகே டெஸ்லாவின் மாடல் எஸ் கார் ஒன்று, குறுக்கே திரும்பிய லாரியின் அடியில் புகுந்து ஓட்டுநர் இறந்தார். ஆட்டோபைலட் இயங்கிய சுமார் 37 நிமிடங்களில் அவர் கை ஸ்டியரிங்கில் இருந்ததாகப் பதிவானது 25 விநாடி மட்டுமே. அவரைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் கார் 36 நிமிடம் ஒழுங்காக ஓடியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தவறே செய்யாத பழகுபவரின் பக்கத்தில் மாஸ்டர் எவ்வளவு நேரம் விறைப்பாக உட்கார்ந்திருப்பார்? முன்னேற்றமே நிலைமையை மோசமாக்கும் என்றது இதைத்தான். நூறு மீட்டருக்கு ஒருமுறை தடுமாறும் மென்பொருளை யாரும் நம்ப மாட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை தடுமாறுவதுதான் ஆளைக் கொல்லும்.

கம்பெனிகள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து அதட்டல். டெஸ்லா கார்களில் 2021 வரை, கை இருக்கிறதா என்பதை ஸ்டியரிங்கில் படும் சிறு திருகு விசையை வைத்தே அறிந்தார்கள். இரண்டு கையாலும் சமமாகப் பிடித்திருந்தால் விசை தெரியாது. திரையில் எச்சரிக்கை வரும். எச்சரிக்கையைப் போக்க ஸ்டியரிங்கை லேசாக ஒரு பக்கம் இழுக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால் ஓட்டுநரே பொறுப்பேற்றதாக நினைத்துக்கொண்டு மென்பொருள் கையை விட்டுவிடும். ஒழுங்காகப் பிடித்திருப்பவருக்குத் திட்டு, ஏமாற்றத் தெரிந்தவருக்கு நிம்மதி. ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டால் கை இருப்பதுபோல் காட்டும் எடைக்கட்டியை விற்கவே ஆள் வந்தார்கள். 2018இல் அந்த விற்பனையைப் பாதுகாப்பு நிர்வாகம் தலையிட்டு நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு முகத்தைப் பார்க்கும் கேமரா வந்தது. காப்பீட்டுக் கம்பெனிகள் நிதி தந்து நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், பல கம்பெனிகளின் 14 மென்பொருள்களை 2024இல் இந்தக் கண்காணிப்பு விஷயத்தில் தரம் பிரித்தது. ஏற்கத்தக்கது என்ற மதிப்பைப் பெற்றது ஒன்று. மோசம் என்ற மதிப்பு 11க்கு. காரை மனிதன் கண்காணிக்க, மனிதனைக் கார் கண்காணிக்க, இருவருக்கும் நிம்மதி இல்லை.

இனி, ராத்திரியோடு ராத்திரியாக மாறும் பழகுபவர். மாஸ்டருக்குப் பழகுபவரின் பலவீனம் தெரிந்திருக்கும். இந்தப் பிள்ளை இடப்பக்கம் ஒட்டிப் போவான், அந்தப் பெண் கியர் மாற்றத் தயங்குவாள் என்று. கண்காணிப்பின் பாதி அந்த அறிவுதான். அப்டேட் அதை அழித்துவிடுகிறது. 2021 மே முதல் வட அமெரிக்காவுக்கான டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் கார்கள் ரேடார் இல்லாமல் வந்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில் பம்பரின் அல்ட்ராசோனிக் சென்சார்களும் போயின. அப்போது புதுக் கார் வாங்கியவர்களுக்கு, பார்க்கிங்கில் சுவர் எவ்வளவு தூரம் என்று காட்டும் சாதாரண வசதிகூடச் சில மாதங்கள் இல்லை. பத்து ஆண்டு பழைய காரில் உள்ள வசதி அது! ஸ்டாப் பலகையில் முழுதாக நிற்காமல் மெல்ல உருண்டு கடக்கும் ஏற்பாடு ஒன்றைச் சோதனை மென்பொருளில் வைத்திருந்தார்கள்; சட்ட மீறலை ஒரு வசதியாகவே எழுதி வைத்தது அது. 2022 பிப்ரவரியில் 53,822 கார்களில் அதை நீக்க வேண்டி வந்தது. மீறினால் அபராதச் சீட்டு யார் பெயருக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பணத்துக்கு வருவோம். உற்பத்தியாகும் எல்லாக் கார்களிலும் முழுத் தன்னோட்டத்துக்குத் தேவையான கருவிகள் உள்ளன என்று 2016 அக்டோபரில் டெஸ்லா அறிவித்தது. கூடவே ஒரு வீடியோ. ஓட்டுநர் இருக்கையில் உள்ளவர் சட்டத்துக்காக மட்டுமே உட்கார்ந்திருக்கிறார், கார் தானே ஓடுகிறது என்று அதில் எழுத்து ஓடியது. அந்த மென்பொருள் பிரிவின் தலைவர் அசோக் எல்லுசாமி, நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், 2022இல் ஒரு வழக்கில் சாட்சியம் அளித்தபோது, முன்கூட்டியே வரைபடம் எடுத்த ஒரு பாதையில் அந்த ஓட்டம் படமாக்கப்பட்டது என்றார். என்ன செய்ய முடியும் என்று காட்டுவதே நோக்கம், வாடிக்கையாளருக்கு அன்று கிடைத்ததைக் காட்டுவது அல்ல என்றும் சொன்னார். முழுத் தன்னோட்டம் என்ற பெயரில் தனியாக விற்ற இந்த மென்பொருள் பொட்டலத்தின் விலை அமெரிக்காவில் 2022இல் 15,000 டாலர் வரை ஏறி, 2024இல் 8,000க்கு இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர் மனநிலையை ஊகித்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் எலான் மஸ்க், மூன்றாம் தலைமுறைக் கம்ப்யூட்டர் உள்ள கார்களில் இந்தப் பொட்டலத்தை வாங்கியவர்களுக்குக் கம்ப்யூட்டரையே மாற்றித் தர வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டார். இது தாமதம் என்று சொல்லப்படுகிறது. எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. பொறுப்பு விற்பவரிடம் இருந்திருந்தால், முடியாத பொருளை விற்கும் துணிவு வந்திருக்காது. முதல் விபத்தே கணக்கைத் தீர்த்திருக்கும். பொறுப்பு வாங்குபவரிடம் இருந்ததால், எத்தனை வருடம் வேண்டுமானாலும் காக்கவைக்க முடிந்தது.

இதற்கு மறுப்புகள் உண்டு. வலுவானது இது: இந்த மென்பொருள் உயிர்களைக் காக்கிறது, சில எரிச்சல்களுக்காக அதை எதிர்க்கலாமா? நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு வேறு பொருள்களை இது ஒரே கூடையில் போடுகிறது. மனிதன் ஓட்டும்போது பின்னணியில் விழித்திருந்து, கடைசிக் கணத்தில் பிரேக் போடும் கருவி ஒன்று. முன்னால் செல்லும் வண்டியின் பின்புறம் மோதும் விபத்துகளை அது ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாக நான் முன்பு சொன்ன அதே ஆய்வு நிறுவனம் காட்டியிருக்கிறது. அதை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். அங்கே மனிதன் ஓட்டுகிறான், இயந்திரம் காவல் காக்கிறது. சலிப்படையாத ஒன்றுக்குக் காவல் வேலை பொருத்தம். இரண்டாம் படி மென்பொருள் அதைத் திருப்பிப் போடுகிறது. இந்த இரண்டாவது வகை விபத்தைக் குறைப்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்றும் அதே நிறுவனம் 2024இல் சொன்னது. கம்பெனிகள் வெளியிடும் கிலோமீட்டர்க் கணக்குகளோ, நெடுஞ்சாலையில் ஓடும் புதுக் காரை எல்லாத் தெருவிலும் ஓடும் பழைய கார்களோடு ஒப்பிடுகின்றன.

கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறதே, ஒப்புக்கொண்டுதானே வாங்கினார்கள் என்பது அடுத்த மறுப்பு. ஒருவரால் செய்ய முடியாத வேலையை அவர் செய்வதாக எழுதி வாங்கிய கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு? அதிலும் கையேட்டில் ஒன்று, பெயர்ப்பலகையில் வேறொன்று. ஃப்ளோரிடாவில் 2019இல் நடந்த ஒரு டெஸ்லா விபத்தில், ஓட்டுநர் கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்திருந்தார். கார் சந்திப்பைத் தாண்டிப் போய் மோதியதில் சாலையோரம் நின்ற ஓர் இளம்பெண் இறந்தார். 2025 ஆகஸ்டில் மயாமி ஜூரிகள் பெரும்பங்கு பொறுப்பை ஓட்டுநர் மேலேயே போட்டார்கள். ஆனால் 33 சதவீதம் கம்பெனிக்கு. அதன் பங்குத் தொகை, தண்டனை இழப்பீடும் சேர்த்து, சுமார் 24 கோடி டாலர். கம்பெனி தீர்ப்பை ஏற்கவில்லை. எச்சரித்துவிட்டோம் என்பது முழு விடுதலை அல்ல என்று சாதாரண மனிதர்கள் அடங்கிய ஒரு ஜூரி சொன்னது என்பதே எனக்கு முக்கியம். அந்தப் பொட்டலத்தின் பெயரோடு ‘மேற்பார்வையில்’ என்ற பொருள்படும் சொல் 2024இல்தான் சேர்ந்தது. எட்டு வருடம் கழித்து.

பொறுப்பைக் கம்பெனிகள் மேல் ஏற்றினால் யாரும் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பது மூன்றாவது. நடப்பு இதற்கு நேர்மாறு. வேமோ என்ற கம்பெனி 2020 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஓட்டுநரே இல்லாத டாக்சியைப் பொதுமக்களுக்குத் திறந்தது. பின்சீட்டில் உட்காருபவர் பயணி, அவ்வளவே. மெர்சிடிஸ் தன் மூன்றாம் படி மென்பொருளுக்கு 2021 டிசம்பரில் ஜெர்மனியில் அனுமதி பெற்று, எஸ் கிளாஸிலும் எலக்ட்ரிக் ஈக்யூஎஸ்ஸிலும் விற்றது. அனுமதிக்கப்பட்ட நெடுஞ்சாலைகளில், நெரிசலில், மணிக்கு 60 கிலோமீட்டர் வரைதான் அப்போது அது ஓடும். அந்த எல்லைக்குள் ஓட்டுபவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இவ்வளவு பணத்துக்கு இவ்வளவுதானா என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்தக் குறுகிய எல்லை எங்கிருந்து வந்தது? பொறுப்பேற்பவன் போடும் எல்லை அது. அவன் கிழிக்கும் கோடு எப்போதும் உண்மைக்கு அருகில் இருக்கும்.

சீனா இதை ஒரு விபத்துக்குப் பிறகு கற்றது. 2025 மார்ச் 29 இரவு அன்ஹுய் மாகாண நெடுஞ்சாலையில் ஒரு சியோமி எஸ்யூ7 கார், மென்பொருள் ஓட்ட, மணிக்கு 116 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது. பழுதுபார்ப்புக்காகத் தடம் மூடப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்தார், சில விநாடிகளில் கான்கிரீட் தடுப்பில் மோதல். உள்ளே இருந்த மூன்று மாணவிகளும் இறந்தனர். ஏப்ரலில் அந்நாட்டுத் தொழில்துறை அமைச்சகம் கம்பெனிகளை அழைத்து, விளம்பரங்களில் தன்னோட்டம் என்று பொருள்படும் சொற்களுக்குக் கடிவாளம் போட்டது. நினைத்த நேரத்தில் அப்டேட் அனுப்புவதையும் கட்டுப்படுத்தியது. ஐரோப்பாவின் கதை சின்னது, வேறு மாதிரியானது. 2024 ஜூலை முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் வேக எல்லை எச்சரிக்கை கட்டாயம். அணைத்தாலும் அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது தானே விழித்துக்கொள்ளும். பக்கத்துத் தெருவின் பலகையைத் தவறாகப் படித்துவிட்டுக் கத்தும் காரில், கிளம்பும்போதெல்லாம் மெனுவுக்குள் போய் அணைப்பது பலருக்குக் காலைச் சடங்காகிவிட்டது.

நம் பக்கமும் கடை திறந்தாயிற்று. மகிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்கள் 2024 நவம்பரில் சென்னையில்தான் அறிமுகமாயின. அவற்றின் உயர்விலை வகைகளில் இரண்டாம் படி வசதிகள் உண்டு. 2025 ஜூலையில் மும்பையில் டெஸ்லா கடை திறந்தபோது, மாடல் ஒய் விலைப்பட்டியலில் முழுத் தன்னோட்டப் பொட்டலம் தனி வரியாக இருந்தது. இந்தியச் சாலையில் அன்று ஓடத் தயாராக இல்லாத அந்த மென்பொருளுக்கு விலை 6 லட்ச ரூபாய்.